ஜிம்னாஸ்டிக்ஸை விட்ட பிள்ளைக்கு அடுத்து எந்த விளையாட்டு?

எங்கள் வீட்டில் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு ஜோடி தோல் கிரிப் தொங்குகிறது. ஜிம்னாஸ்டிக்ஸில் பார் என்கிற கம்பியைப் பிடித்துச் சுழலும்போது உள்ளங்கை கிழியாமல் இருக்க மாட்டிக்கொள்வது. விரல் நுழையும் ஓட்டைகளைச் சுற்றி வெள்ளைப் பொடி இன்னும் அப்பியிருக்கிறது. ஏழு வயதில் ஆரம்பித்த என் மகள் பதினைந்தாவது வயதில் அதைக் கழற்றி அங்கே மாட்டினாள். எடுத்துப் பெட்டியில் வைக்கவா என்று கேட்டேன். "இருக்கட்டும்மா" என்றாள்.

நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறைப் பக்கம். கேரளம்தான், ஆனால் வீட்டிலும் கடையிலும் பள்ளிக்கூடத்திலும் தமிழ். கிழக்கே போனால் பொள்ளாச்சி, மேற்கே போனால் பாலக்காடு, வேலந்தாவளம் தாண்டினால் கோவை. ஜிம்னாஸ்டிக்ஸுக்காகக் கோவைக்குத்தான் போய்வந்தோம். முதலில் வாரம் இரண்டு நாள், அப்புறம் நான்கு நாள். பஸ்ஸில் வீட்டுப்பாடம், பஸ்ஸில் இட்லி, திரும்பும்போது என் தோளில் தூக்கம்.

பதின்மூன்று வயதுக்குப் பிறகு அவள் மளமளவென்று வளர்ந்தாள். கூடவே இடுப்புக்கு மேலே வலி. "இந்த விளையாட்டில் வலி சகஜம்" என்று பயிற்சியாளர் சொன்னார். நாங்களும் நம்பினோம். ஆறு மாதம் நம்பினோம் என்பதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. கடைசியில் எலும்பு மருத்துவரிடம் போனபோது, முதுகைப் பின்னால் வளைத்து வளைத்துக் கீழ் முதுகெலும்பில் நூலிழை மாதிரி ஒரு விரிசல் விழுந்திருப்பதாகச் சொன்னார். ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைகளுக்கும், டைவிங் செய்பவர்களுக்கும், கிரிக்கெட்டில் வேகப்பந்து போடுகிறவர்களுக்கும் அடிக்கடி வருவதுதானாம். மூன்று மாதம் ஓய்வு, அப்புறம் பிசியோதெரபி. குணமானது. ஆனால் திரும்பிப் போக மாட்டேன் என்று அவளே சொல்லிவிட்டாள்.

சரி, அடுத்து என்ன? சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர், பள்ளிக்கூடத்து பி.டி. மாஷ் (எங்கள் பக்கம் ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவோம்) என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். எட்டு மாதம் அலைந்து பார்த்ததில் எனக்குத் தெரிந்ததை, இந்தப் பக்கத்தில் இதே கேள்வியோடு இருக்கிற அம்மா அப்பாக்களுக்காக எழுதுகிறேன்.

கூட வருவது எது, வராதது எது

எட்டு வருஷம் ஜிம்னாஸ்டிக்ஸ் செய்த பிள்ளை எந்த மைதானத்துக்குப் போனாலும் முதல் நாளே பி.டி. ஆசிரியர் கண்ணில் படுவாள். தன் உடம்பின் எடையைத் தானே தூக்குகிற பலம் இருக்கும். காற்றில் இருக்கும்போது கை எங்கே, கால் எங்கே, தரை எங்கே என்று தெரியும். விழத் தெரியும். இது பெரிய விஷயம். நம் பிள்ளைகளில் பலருக்குக் கீழே விழுந்தால் என்ன செய்வதென்றே தெரியாது. "முழங்காலை இப்படி வை" என்று ஒரு முறை சொன்னால் அடுத்த முறை அப்படியே வைப்பாள்.

வராதவையும் உண்டு. வால்ட் மேசையைத் தாண்ட ஓடுவது அதிகபட்சம் 25 மீட்டர். அதற்கு மேல் ஓடி அவளுக்குப் பழக்கமே இல்லை. மூச்சு வாங்கும். பந்து தன்னை நோக்கி வந்தால் என்ன செய்வதென்று தெரியாது, ஏனென்றால் அவள் ஏறி நின்று பழகிய பேலன்ஸ் பீம் கட்டை எங்கேயும் நகராது. 10 சென்டிமீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம், நேற்று இருந்த இடத்திலேயே இன்றும் இருக்கும். எதிரில் ஒருத்தி நின்று நம் கணக்கைக் கெடுக்கிற விளையாட்டு அவளுக்குப் புதுசு. எட்டு வருஷம் கெட்டிக்காரியாக இருந்தவள், பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு முன்னால் பந்தைத் தவறவிட்டு நிற்க வேண்டும். பாதிப் பிள்ளைகள் இரண்டாவது வாரத்தில் நின்றுவிடுவது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

உடம்பு பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் யாரும் வெளிப்படையாகப் பேசுவதில்லை. எடை கூடக் கூடாது என்று குறைத்துச் சாப்பிட்டுப் பழகிய பிள்ளைகள் இருக்கிறார்கள். மாதவிடாய் மூன்று மாதம் வராமல் நின்றிருந்தால் புது விளையாட்டைத் தேடுவதற்கு முன் மருத்துவரைப் பாருங்கள். போதிய சாப்பாடு இல்லாமல் பயிற்சி மட்டும் நடந்தால் எலும்பு பலவீனமாகும். விட்ட பிறகு கொஞ்சம் சதை போட்டால் அதைப் பற்றி வீட்டில் யாரும் ஒரு வார்த்தை பேசக் கூடாது. என் மாமியார் ஒரு நாள் ஆசையாகத்தான், "இப்பத்தான் பொண்ணு மாதிரி இருக்கே" என்றார். அன்றைக்கு ராத்திரி அவள் சாப்பிடவில்லை.

இன்னொன்று, உடனே தேடாதீர்கள். நான் முதல் மாதமே தேட ஆரம்பித்தேன், அது தப்பு. மூன்றாவது மாதம் மாவாட்டிக்கொண்டிருந்தபோது, அவள் தானாகவே வந்து உட்கார்ந்து பேசினாள். எது இல்லாதது கஷ்டமாக இருக்கிறது என்று கேட்டேன். "தலைகீழா இருக்கறப்ப எல்லாம் அமைதியா இருக்கும்மா. அது." எது இல்லாதது நிம்மதி என்று கேட்டேன். "யாரும் எனக்கு மார்க் போடறதில்ல." இந்த இரண்டு பதிலும் கிடைக்கும் வரை நான் போட்ட பட்டியல் வெறும் பட்டியலாகத்தான் இருந்தது.

பக்கத்திலேயே இருக்கும் பெரிய வாசல்: தடகளம்

பாலக்காடு மாவட்டத்தில் இருந்துகொண்டு தடகளத்தை யோசிக்காமல் இருக்க முடியாது. பறளி, முண்டூர், குமரம்புத்தூர் கல்லடி என்று பள்ளிக்கூடப் பெயர்களைச் சொன்னாலே மாநிலப் பள்ளி மீட் நினைவுக்கு வரும். 2017-இல் புவனேஸ்வரில் ஆசியப் போட்டியில் 1500 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வாங்கிய பி.யு. சித்ரா முண்டூர்க்காரர். 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த்தில் நீளம் தாண்டுதலில் 8.08 மீட்டர் தாண்டி வெள்ளி வாங்கிய ஸ்ரீசங்கர் பாலக்காட்டுப் பையன். அவருக்குப் பயிற்சி கொடுத்தது அப்பா முரளி, அவரும் தாண்டும் வீரர். அதனால் பி.டி. மாஷ் முதலில் சொன்னதும் நீளம் தாண்டுதல்தான்.

ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைக்கு நீளம் தாண்டுதல், உயரம் தாண்டுதல், தடை ஓட்டம் மூன்றும் நன்றாக ஒத்துவரும். துள்ளல் இருக்கிறது, இடுப்பு விரிகிறது, பயம் இல்லை. செலவு ஒரு ஜோடி ஸ்பைக் ஷூ. பள்ளிக்கூடத்திலேயே தொடங்கலாம், வாரக் கடைசியில் பாலக்காட்டுக்குப் போய் சிந்தெட்டிக் டிராக்கில் ஓடிப் பார்க்கலாம். சான்றிதழுக்கும் மதிப்பு உண்டு. கேரளத்தில் பிளஸ் ஒன் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுக்கு ஸ்போர்ட்ஸ் கவுன்சில்தான் சான்றிதழ்களைச் சரிபார்க்கிறது, அங்கே தடகளச் சான்றிதழுக்கு விளக்கம் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். உயரம் தாண்டும்போது முதுகை வளைத்துக் கம்பிக்கு மேல் போக வேண்டும். முதுகு வலியோடு விட்ட பிள்ளைக்கு அது வேண்டாம். கணுக்கால் அடிபட்டு விட்டவளுக்கு நீளம் தாண்டுதலும் மும்முறை தாண்டுதலும் வேண்டாம். தடை ஓட்டம் கொஞ்சம் பரவாயில்லை.

மனசளவில் தடகளம் இரண்டு விதமாகவும் போகும். நடுவர்களின் மார்க்கால் நொந்துபோன பிள்ளைக்கு தூரத்தை அளக்கிற டேப் பெரிய ஆறுதல். கால் விரலை நீட்டினாளா, சிரித்தாளா என்று டேப் பார்க்காது. ஆனால் அதுவும் ஒரு எண்தான். என் மகள் முதல் நாள் மணலில் இருந்து எழுந்ததும் திரும்பிப் பார்த்தது டேப்பைத்தான். மாஷ் எண்ணைச் சத்தமாகச் சொன்னார், கைதட்டினார். அவள் முகம் பழைய முகமாக மாறியது. நான் வேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். நான்கு நாள் போனாள், போதும் என்றாள்.

போல்வால்ட், அதாவது கோலூன்றித் தாண்டுதல், என் மனசில் ரொம்ப நாள் இருந்தது. காரணம் எலேனா இசின்பயேவா. ரஷ்யாவின் வோல்கோகிராட் ஊரில் ஐந்து வயதில் ஜிம்னாஸ்டிக்ஸ் ஆரம்பித்து, பதினைந்து வயதில் உயரம் அதிகமாகிவிட்டது என்று விட்டவர். அதற்குப் பிறகு கோலைப் பிடித்து, 2004-லும் 2008-லும் ஒலிம்பிக் தங்கம். 2009-இல் சூரிச்சில் 5.06 மீட்டர், உலக சாதனை. நம் பக்கம் ரோசி மீனா பால்ராஜ் 2022 தேசிய விளையாட்டுப் போட்டியில் 4.20 மீட்டர் தாண்டினார். அதற்கு முன் தேசிய சாதனை சுரேகாவின் 4.15. இரண்டு பேருமே தமிழ்நாட்டுக்காரர்கள். கோலின் நுனியில் தலைகீழாகத் தொங்கித் திரும்பும் அந்த அரை நொடி, பாரில் பழகியவளுக்கு அம்மா வீடு மாதிரி. தலைகீழாக இருக்கும்போது கிடைக்கும் அமைதி என்று அவள் சொன்னது அங்கே கிடைக்கும்.

ஆனால் ஒரு கோலோடு முடிவதில்லை. ஒவ்வொரு கோலுக்கும் எவ்வளவு எடை உள்ளவர் பிடிக்கலாம் என்று அளவு உண்டு. பிள்ளை வளர வளர, வேகம் கூடக் கூட, அடுத்த கோல் வேண்டும். விழுவதற்குச் சரியான மெத்தை வேண்டும், அதில் சமாதானமே செய்துகொள்ளக் கூடாது. கோலைப் பஸ்ஸில் கொண்டுபோக முடியாது. காற்றும் இருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரே இருக்கிறோம்; இடவப்பாதி மழை தொடங்கும் ஜூனில் இருந்து ஆவணி வரை மேற்கே இருந்து காற்று வந்தால் தென்னை எல்லாம் ஒரே பக்கம் சாயும். எதிர்க்காற்றில் கோலூன்றுவது பழகியவர்களுக்கே சிரமம். கோல், மெத்தை, பயிற்சியாளர் மூன்றும் உள்ள பள்ளியில் ஹாஸ்டலில் சேர்க்கத் தயார் என்றால், முதுகும் நன்றாக இருக்கிறதென்றால், ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைக்கு இதைவிட நல்ல விளையாட்டு இல்லை என்பேன். வீட்டில் இருந்து போய்வர வேண்டும் என்றால் விட்டுவிடுங்கள். அரைகுறை வசதியில் செய்கிற விளையாட்டு இல்லை இது.

மண்ணுக்குள் இறங்கும் களரி

கேரளத்துத் தற்காப்புக் கலையான களரி பற்றி ஆரம்பத்தில் எனக்கு ஆர்வம் இல்லை. பிள்ளை மறுபடி வளைந்து நெளியப் போகிறாள் என்று பயம். ஒரு நாள் போய்ப் பார்த்தோம். பழைய முறைக் குழிக்களரி; பயிற்சி செய்யும் இடத்துக்கும் களரி என்றுதான் பெயர். தரைமட்டத்துக்குக் கீழே தோண்டியது, 42 அடி நீளம், 21 அடி அகலம். தென்மேற்கு மூலையில் ஏழு படி வைத்த பூத்தறை என்கிற பூஜை மேடை. காலை ஐந்தரை மணிக்கு உள்ளே இறங்கினால் மண் குளிர்ந்திருக்கிறது, எண்ணெய் வாசனை, விளக்கு. வெளியே காற்று அடித்தாலும் உள்ளே சுடர் அசையவில்லை. பிள்ளைகள் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு ஆரம்பித்தார்கள்.

குருக்கள் அவளிடம் என்ன தெரியும் என்று கேட்கவில்லை. நடக்கச் சொன்னார். அப்புறம் யானை வடிவில் நிற்கச் சொல்லிக் காட்டினார். அவள் நின்றாள், அழகாகத்தான் நின்றாள். அவர் பக்கத்தில் வந்து தோளில் ஒரு விரல் வைத்தார், அவ்வளவுதான், அவள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டாள். "வளைவு இருக்கு மோளே, வேர் இல்லை" என்றார். எட்டு வருஷம் மேலே மேலே என்று போன உடம்பு அது. களரி கீழே போகச் சொல்கிறது. முட்டியை மடக்கித் தாழ்ந்து நின்று, பாதத்தால் மண்ணைப் பிடிக்கச் சொல்கிறது. குதிக்கிற இடமும் உண்டு, உயரக் கால் வீசுகிற இடமும் உண்டு. ஆனால் அடித்தளம் தாழ்ந்த நிலைதான்.

உடம்பைத் தெரிந்த பிள்ளைக்கு உடம்போடு புதிதாகப் பேச ஒரு மொழி கிடைக்கிறது என்பதுதான் களரியின் பலம். மெய்ப்பயிற்று என்கிற உடற்பயிற்சிக் கட்டத்தில் முதல் வருஷம் ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளை வேகமாக முன்னேறுவாள். அப்புறம் கோல், வாள், கடைசியில் வெறுங்கை என்று வருஷக்கணக்கில் கற்க இருக்கிறது. இருபது வயதில் முடிந்துபோகிற விஷயமில்லை. வடகரையில் மீனாட்சி அம்மா எழுபது வயது தாண்டியும் வாள் பிடித்துக் கற்றுக்கொடுத்தவர், 2017-இல் பத்மஸ்ரீ வாங்கினார். பதினாறு வயதுதான் உச்சம் என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அந்தப் படத்தைக் காட்டினாலே போதும். அன்றாடப் பயிற்சியில் மார்க் இல்லை. கண்ணாடியும் இல்லை.

குறைகளும் உண்டு. கீழே குனிவதும் பின்னால் வளைவதும் நிறைய. என் மகளின் மருத்துவர் ஒரு வருஷத்துக்குப் பின்வளைவு வேண்டாம் என்றார். குருக்களிடம் அதைச் சொன்னோம், "ஒரு வருஷம் கழிச்சு வாங்க, களரி இங்கதான் இருக்கும்" என்றார். அந்தப் பதிலுக்காகவே அவர் மேல் மரியாதை. முதுகு வலி இருக்கிற பிள்ளையை எண்ணெய் தேய்த்து உழிந்தால் சரியாகும், வா என்று இழுக்கிற இடமாக இருந்தால் யோசியுங்கள். கர்க்கடக (ஆடி) மாத எண்ணெய் உழிச்சல் உடம்புக்கு நல்லதாக இருக்கலாம்; எலும்பு விரிசலுக்கு மருந்து ஓய்வுதான்.

போட்டி, சான்றிதழ் என்று பார்த்தால் நிலைமை ஏறி இறங்குகிறது. மத்திய அரசின் கேலோ இந்தியா இளைஞர் போட்டியில் களரி சேர்ந்தது. 2023 கோவா தேசிய விளையாட்டுப் போட்டியில் பதக்கம் இருந்தது. 2025 உத்தராகண்டில் வெறும் காட்சிப் போட்டியாக்கிவிட்டார்கள். கோட்டாவை நம்பிக் களரியில் சேர்க்காதீர்கள்.

களரி தூரமாக இருக்கும் ஊர்களில் சிலம்பம் நல்ல மாற்று. இந்தப் பக்கம் ஆசான்கள் இருக்கிறார்கள், ஒரு கம்புதான் செலவு, காலடி வைப்பும் சுழற்சியும் முதுகை அவ்வளவாகப் படுத்தாது. மணிக்கட்டு வலியால் ஜிம்னாஸ்டிக்ஸை விட்ட பிள்ளை மட்டும் மெதுவாக ஆரம்பிக்க வேண்டும். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இருந்தது.

கூட்டத்தோடு ஆடுவது

குழு விளையாட்டை நான் பட்டியலில் கடைசியில்தான் எழுதியிருந்தேன். எட்டு வருஷப் பயிற்சி வீணாகிவிடுமே என்ற கணக்கு. இப்போது யோசித்தால் அந்தக் கணக்கே தப்பு. கற்றதை எல்லாம் அடுத்த விளையாட்டில் செலவழித்தே ஆக வேண்டும் என்று பிள்ளைக்கு எந்தக் கடனும் இல்லை.

வாலிபால் நம் பக்கத்தில் எந்த மூலையிலும் இருக்கிறது. ஒரு வலை, இரண்டு கம்பம், 18-க்கு 9 மீட்டர் மண். கேரளத்தில் வாலிபாலுக்கு இருக்கும் மதிப்பைச் சொல்ல ஜிம்மி ஜார்ஜ் என்ற ஒரு பெயர் போதும். ஜிம்னாஸ்டிக்ஸ் பிள்ளைக்கு இதில் குதிப்பு, விழுந்து புரண்டு எழுவது இரண்டும் முதல் நாளே கைகொடுக்கும். எதிரணி வலைக்கு அந்தப் பக்கம். யாரும் வந்து மோத மாட்டார்கள். முதுகு, முட்டி அடிபட்டு வந்த பிள்ளைக்கு இது பெரிய நிம்மதி. அதே நேரம் நாள் முழுக்கக் குதிப்பதால் முட்டிச் சிப்பிக்குக் கீழே வலி வரும், அதனால் முதல் இரண்டு மாதம் வாரத்தில் மூன்று நாளோடு நிறுத்துங்கள். ஸ்பைக் அடிக்கும்போது முதுகு பின்னால் வளையும், ஆகவே முதுகு வலிக்காரிக்கு முதலில் லிபரோ இடம் நல்லது: பின்வரிசையில் நின்று பந்தை எடுத்துக் கொடுக்கிற வேலை.

தரையிறங்குவது பற்றியும் சொல்ல வேண்டும். பீமில் இருந்து இறங்கினால் அசையாமல் நிற்க வேண்டும், ஒரு அடி எடுத்து வைத்தாலும் மார்க் போகும். அதனால் இந்தப் பிள்ளைகள் நிமிர்ந்து, விறைப்பாக இறங்குவார்கள். பந்து விளையாட்டில் இறங்கிய நொடியே இன்னொரு பக்கம் ஓட வேண்டும். இடுப்பையும் முட்டியையும் மடக்கி மெத்தென்று இறங்க வேண்டும். முட்டிக்குள் இருக்கும் தசைநார் கிழிவது பதின்பருவப் பையன்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம். கால்பந்து, கபடி மாதிரி சட்டென்று திரும்புகிற விளையாட்டுகளில்தான் அது அதிகம் நடக்கிறது. எந்தப் பந்து விளையாட்டில் சேர்த்தாலும் பயிற்சியாளரிடம், "இவளுக்கு இறங்கக் கற்றுக்கொடுங்கள்" என்று கேளுங்கள். குதிக்கத் தெரிந்தவள் என்பதால் இறங்கவும் தெரியும் என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள்.

கால்பந்துக்குக் கேரளத்தில் பெண்களுக்கு நல்ல காலம். கோகுலம் கேரளா அணி இந்தியப் பெண்கள் லீகைத் தொடர்ந்து மூன்று முறை வென்றது. ஆனால் பந்தும் காலும் பழகாத பிள்ளை பதினைந்தில் தொடங்கினால் பிடிக்க நாளாகும். ஆசை இருந்தால் போகட்டும், கோல்கீப்பர் இடத்தைக் கேட்டுப் பார்க்கலாம். பாயவும் விழவும் தெரிந்தவளுக்கு அது பொருந்தும். கிரிக்கெட்டில் வயநாட்டில் இருந்து மின்னு மணி, சஜனா சஜீவன் இருவரும் இந்திய அணி வரை போயிருக்கிறார்கள். முதுகு அடிபட்ட பிள்ளை வேகப்பந்து பக்கமே போகக் கூடாது, சுழல் போடலாம். பொள்ளாச்சிப் பக்கம் கபடிக்குக் கூப்பிட்டார்கள். முதல் வருஷம் வேண்டாம் என்றேன். பேட்மின்டன் கேட்டால், உள்ளரங்கம் கிடைத்தால் மட்டும். எங்கள் ஊர்க் காற்றில் வெளியே ஆடினால் ஷட்டில் அடுத்த தோட்டத்தில் இருக்கும்.

தூரத்தில் இருப்பவை, தண்ணீரில் இருப்பது

டைவிங், ஜிம்னாஸ்டிக்ஸுக்குக் கூடப்பிறந்த தங்கை. பல நாடுகளில் ஜிம்னாஸ்டிக்ஸை விட்டவர்கள் நேராக அங்கேதான் போகிறார்கள். எனக்குத் தெரிந்த டைவிங் மேடை என்றால் திருவனந்தபுரம் பக்கம் பிரப்பன்கோடு, அல்லது சென்னை வேளச்சேரி. தினமும் போகிற தூரம் இல்லை, முதுகுக்கும் மணிக்கட்டுக்கும் அடி அதிகம். சுவர் ஏறுதல் டோக்கியோவில் இருந்து ஒலிம்பிக்கில் இருக்கிறது. பாரில் தொங்கிய கைக்குப் பிடித்துப்போகும். பெங்களூரு கண்டீரவா அரங்கில் சுவர் இருக்கிறது. விடுமுறையில் ஒரு முறை கூட்டிப் போகலாம், அதற்கு மேல் இங்கிருந்து நடக்காது.

வாள்வீச்சு கொஞ்சம் தீவிரமாக யோசிக்க வேண்டியது. ஒலிம்பிக்குக்குப் போன முதல் இந்திய வாள்வீச்சு வீராங்கனை பவானி தேவி சென்னைக்காரர். பத்தாவது முடித்துத் தலசேரியில் சாய் (இந்திய விளையாட்டு ஆணையம்) மையத்தில் சேர்ந்து வளர்ந்தவர். தமிழ் பேசுகிற பெண் மலையாள ஊரில் தங்கிப் படித்து டோக்கியோ வரை போனார் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு நெருக்கமான கதை. ஆனால் அது ஹாஸ்டல் வாழ்க்கை. எட்டு வருஷம் விளையாட்டே வாழ்க்கையாக இருந்து இப்போதுதான் மூச்சு விடுகிறவளை மறுபடி அதற்குள் அனுப்ப எனக்கு மனசு வரவில்லை. அவளே கேட்டிருந்தால் வேறு விஷயம்.

நீச்சலை விளையாட்டாகப் பார்க்காமல் பாலமாகப் பாருங்கள். ஓய்வு முடிந்ததும் மருத்துவர் முதலில் அனுமதித்தது அதுதான். தண்ணீர் உடம்பைத் தாங்குவதால் எலும்பில் இடி விழாது, இல்லாத மூச்சுத் திறனும் வரும். அவள் இரண்டு மாதம் நீந்தினாள். மார்க் போடுவோரும் இல்லை, தண்ணீருக்குள் தலைகீழாகவும் இருக்கலாம். குளத்தில் என்றால் நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் தண்ணீரிலேயே கூட இருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஆறு வேண்டவே வேண்டாம்.

எப்படி முடிவெடுத்தோம்

நான்கு நாளில் தடகளத்தை விட்ட பிறகு, ஒவ்வொன்றையும் மூன்று வாரம் என்று வைத்தோம். ஒரு நாள் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் அது வெட்கம். மூன்று வாரத்துக்குப் பிறகும் பிடிக்கவில்லை என்றால் அதுதான் பதில். அவங்க அப்பாவும் நானும் மைதானத்துக்குள் நிற்பதில்லை என்று முடிவு செய்தோம். பழைய வீடியோக்களை எந்தப் புதுப் பயிற்சியாளருக்கும் காட்டுவதில்லை என்று அவள் முடிவு செய்தாள். எதில் சேர்ந்தாலும் முதல் ஆறு மாதம் போட்டி இல்லை. காலம் பார்த்தும் வைத்தோம். மார்ச், ஏப்ரலில் இங்கே வெயில் 40 டிகிரியைத் தொடும், மைதானம் என்றால் காலை எட்டுக்குள் அல்லது மாலை ஐந்துக்கு மேல்.

சேர்க்கும்முன் பயிற்சியாளரிடம் ஒரே கேள்வி கேட்டேன்: "வலிக்குதுன்னு சொன்னா என்ன செய்வீங்க?" நிறுத்துவேன், பார்ப்பேன், உங்களைக் கூப்பிடுவேன் என்று சொன்னவர்களிடம் மட்டும் விட்டேன். ஒருவர், "கொஞ்சம் வலி தாங்கணும்" என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

மற்றவர்களுக்கு என்ன சொல்வேன்? பறப்பதை இழந்து ஏங்குகிற பிள்ளை, உடம்பில் அடி இல்லை, ஹாஸ்டலுக்குத் தயார் என்றால் போல்வால்ட், அது முடியாவிட்டால் நீளம் தாண்டுதல். உடம்பை நுணுக்கமாகப் பயன்படுத்துவதை நேசிக்கிறாள், போட்டி அலுத்துவிட்டது என்றால் களரி, அல்லது சிலம்பம். தனியாக நின்று நின்று களைத்துப்போனவள் என்றால் வாலிபால். கோட்டாவும் வேலையும் முக்கியம் என்கிற வீடு என்றால் தடகளம், ஆனால் அதைப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

நான் என் மகள் களரியில் சேர்வாள் என்றுதான் நினைத்தேன். தலைகீழ், அமைதி, மார்க் இல்லாமை எல்லாம் அங்கே இருந்தது. அவள் வாலிபாலைப் பிடித்துக்கொண்டாள். ஏன் என்று கேட்டேன். "நான் விட்டா பின்னாடி ஒருத்தி எடுக்கறாம்மா" என்றாள்.

போன வாரம் ரொட்டி வாங்கப் போகிற சாக்கில் மைதானத்து வேலியோரம் நின்றேன். எதிரணி சர்வ் தாழ்வாக வந்தது. அவள் இடது பக்கம் பாய்ந்து, ஒரு கையால் எடுத்து, தோளில் புரண்டு எழுந்தாள். எழுந்ததும் இரண்டு காலையும் சேர்த்து நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்தினாள். ஜிம்னாஸ்டிக்ஸ் செய்து முடித்து நடுவருக்கு வணக்கம் சொல்கிற அதே நிலை. எட்டு வருஷப் பழக்கம், தன்னை அறியாமல் வருகிறது. பந்து இன்னும் ஆட்டத்தில் இருந்தது. மற்ற பிள்ளைகள் அடித்து முடித்து, பாயிண்ட் விழுந்ததும், ஐந்து பேரும் அவளைப் பார்த்துக் காலைச் சேர்த்து நின்று கையைத் தூக்கினார்கள். அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இப்போது ஒவ்வொரு நல்ல பந்துக்கும் அந்த அணியில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களாம்.